வேட்டுவச் சிறாரும் கன்னிவேட்டையும்

யாழ்ப்பாணத்துச் சைவக் கோயில்களிலே மகோற்சவ காலத்தில் வேட்டைத் திருவிழா என ஒன்று நிகழ்வதை யாவரும் அறிவர். அன்று சுவாமி குதிரை வாகனத்தில் எழுந்தருளி, ஊர்ப்புறத்து வெளிக்கோ அயற்கோயிலுக்கோ வேட்டையாடச் செல்வார். எம்மூரில் அன்றைய நாயகர் சிறுவரே. தழைக்கொம்புகளை ஏந்திக் கூவிக்கொண்டு வாகனத்தின் முன்னே அவர்கள் ஓடுவதற்குப் பெற்றோர் தடைசொல்வதில்லை. ஆயின், மறுநாட் காலையில் மகன் கெற்றப்போலினால் ஓர் அணிலை அடித்து வீழ்த்தினான் என்று கேள்வியுறின், அப்பெற்றோரே பாவம் பாவம் என்று கூறி அவன் காதைத் திருகுவர். இறைவன் வேட்டைக்குச் செல்லுங்கால் உடன்செல்லலாம். தகப்பன் செல்லுங்கால் உடன்செல்லலாகாது. இம்முரண்பாடு நம்மிடையே எங்ஙனம் புகுந்தது என்பதும், சிறுவரை வேட்டைக்கு விடுதல் பற்றி நம் முன்னோர் கொண்ட கருத்து யாது என்பதும் ஆராயற்பாலன. வன்னிப் பாடசாலை ஒன்றிலே சில ஆண்டுகள் கற்பித்த எனக்கு இவ்வினா ஏட்டளவில் நின்ற வினா அன்று. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

முதற்கண் சங்க நூல்களை நோக்குவோம். புறநானூற்றின் 324 ஆம் பாட்டு ஆலத்தூர் கிழார் பாடியது. அதிலே வேட்டுவரின் அன்புக்குரிய மக்கள் நம் கண்முன் தோன்றுகின்றனர். காட்டுப்பூனைக் கடுவனைப்போல் வெருண்ட பார்வையும், புள்ளூன் தின்றமையாற் புலவு நாறும் வாயும் உடைய சிறுவர் அவர். வளாரை வளைத்து வில்லாக்கி, ஊகம்புல்லின் மெல்லிய தண்டிலே உடைமரத்தின் வெண்முள்ளைச் செருகி அம்பாக்கி, பருத்தி வேலியில் எலி வருமோ என்று அவர் பார்த்திருக்கின்றனர். புலவர் இதனைக் கண்டித்தாருமல்லர், வியந்து போற்றினாருமல்லர். அவ்வூரின் இயல்பு இது என்று கூறி அப்பாற் செல்கின்றார்.

இப்பாட்டிற் கருதத்தக்கவை சில உள. அச்சிறுவர் கையில் இரும்பு இல்லை. வேலியிலும் புதரிலும் கிடைத்தவற்றைக் கொண்டு தாமே செய்த கருவியே உண்டு. அவர் நிற்குமிடம் காடன்று, ஊரின் பருத்தி வேலி. அவர் இலக்கு யானையன்று, பன்றியன்று, எலி. ஓர் அம்பினால் யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் உடும்பையும் ஒருங்கே துளைத்த வல்வில் ஓரியை வன்பரணர் அதே புறநானூற்றிலே 152 ஆம் பாட்டிற் பாடுகின்றார். அது வளர்ந்த வில்லாளியின் களம். இவ்விரண்டு பாட்டுக்களையும் அடுத்தடுத்துப் படிப்பவர்க்கு, வேட்டுவக் குடியிற் பிறந்த சிறுவனுக்கும் வளர்ந்தவனுக்கும் இடையே எவ்வளவு தூரம் வகுக்கப்பட்டிருந்தது என்பது புலனாகும்.

நம் ஈழநாட்டுப் புலவரும் வேட்டுவனை அறிந்தவரே. அகநானூற்று 88 ஆம் பாட்டிலே ஈழத்துப் பூதன்றேவனார், தினைப்புனத்திற்கு வரும் பன்றி பல்லியின் சொற்கேட்டுத் தயங்கித் தயங்கி வருதலையும், அதன் வரவை நோக்கிக் கானவன் பரண்மேல் விளக்கேற்றிக் காத்திருத்தலையும் காட்டுகின்றார். இன்றும் முல்லைத்தீவுப் பக்கத்துச் சேனைக்காவற் குடிலில் ஓரிரவு தங்கியவர்க்கு இக்காட்சி புதிதாகத் தோன்றாது. ஈண்டு வேட்டை என்பது விளையாட்டு அன்று, பயிர்க்காவல். கந்தபுராணத்து வள்ளியம்மையும் வேட்டுவர் தலைவனாகிய நம்பியின் மகளாய் வளர்ந்தவரன்றோ? அவருக்குத் தந்தை இட்ட பணி விலங்கைக் கொல்லுதலன்று, பரண்மீதிருந்து கவண்வீசிப் புள்ளோப்புதல். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் யாழ்ப்பாணத்தாரின் வாழ்வைக் கந்தபுராண கலாசாரம் என்று குறித்தார்கள். அக்கலாசாரத்தின் நடுவிலே ஒரு வேட்டுவச் சிறுமி வீற்றிருத்தலை நாம் பெரிதும் நினைப்பதில்லை.

இனி, இப்பொருளைப் பற்றி நம் இலக்கியத்தில் விரிவாகப் பேசும் நூல் பெரியபுராணமே. இரண்டாங் குலோத்துங்க சோழன் காலத்திலே, 12 ஆம் நூற்றாண்டில், சேக்கிழார் சுவாமிகள் பாடிய இந்நூலின் கண்ணப்ப நாயனார் புராணத்தைக் கண்ணிடந்து அப்பிய பத்தியின் பொருட்டே நாம் படிக்கின்றோம். அதன் முற்பகுதியோ, ஒரு வேட்டுவக் குழந்தை வேட்டுவனாக வளர்க்கப்பட்ட முறையைப் படிப்படியாகக் கூறும் வரலாறு ஆகும். பொத்தப்பி நாட்டு உடுப்பூரிலே நாகனுக்கும் தத்தைக்கும் மகனாகப் பிறந்த திண்ணன் தவழ்ந்து நடந்து விளையாடும் பருவத்து ஒரு நிகழ்ச்சி என் உள்ளத்தை நெடுங்காலமாகக் கவர்ந்தது. வேடர் பிற விலங்குகளைப் பிடித்தற்பொருட்டுப் பழக்கி வைக்கும் விலங்குக்குப் பார்வை என்று பெயர். அவ்வாறு வைத்த புலியின் திறந்த வாயைக் குகையென்று கருதிக் குழந்தை கையை நீட்டுகின்றது. தந்தை கண்டு விடுகின்றான். யானையையும் அஞ்சாத அவ்வேடர்தலைவன் அப்போது கையிலெடுத்தது வில்லன்று, கோலுமன்று, பசுந்தழை. அதனை ஓங்கிய அளவிலே குழந்தையின் கண்ணில் நீர் மல்குகின்றது. தாய் முத்தமிட்டு அதனை மாற்றுகின்றாள். கொலையே தொழிலாகிய குடியிலும், கொடிய விலங்கின் வாய்க்கும் குழந்தையின் கைக்கும் இடையே நிற்றலே தந்தையின் முதற்கடமை என்பதை இதனினும் நன்றாக எவர் கூறவல்லார்?

பின்னர் விற்கல்வி தொடங்குகின்றது. அது விழாவாகவே நடைபெறுகின்றது, வில்லாசிரியர் வருகின்றனர். திண்ணன் ஆண்டு பதினாறு நிரம்புங்காறும் கற்கின்றான். அவன் காட்டுக்குச் சென்றமைக்குச் சேக்கிழார் காட்டும் காரணமும் கருதத்தக்கது. முதுமையினால் நாகன் தளர்ந்தான். திங்கள்தோறும் நிகழவேண்டிய முறைவேட்டை தாழ்த்தது. விலங்குகள் பெருகிப் புனங்களை அழித்தன. வேடர் திரண்டுவந்து முறையிட்டனர். அதன்மேலே நாகன் தன் தலைமையை மகனுக்குக் கொடுத்து, தேவராட்டி வாழ்த்த, கன்னிவேட்டைக்கு விடுக்கின்றான். உடன் சென்றவர் நாணனும் காடனும் முதலாய ஏவலர். தந்தை செல்லவில்லை. தன்னோடு உடன்வரப் பண்ணிக் குழந்தைக்குக் கொலை காட்டிய தந்தையாக அன்றி, பதினாறு ஆண்டு காத்திருந்து பொறுப்பைக் கையளித்த தந்தையாகவே அவனைச் சேக்கிழார் படைத்திருக்கின்றார்.

அவ்வேட்டையில் ஒரு நெறியும் இருந்தது. யானைக் கன்றுகளை அவ்வேடர் தொடர்ந்திலர். சிறு குட்டிகளைக் கொன்றிலர். கருவுற்று அடிதளர்ந்த பிணைகளை அலைத்திலர்.  சேக்கிழார் கூறும் இந்நெறிக்கு ஒப்பானதொன்றைப் பதினான்கு நூற்றாண்டு முற்பட்ட அசோக மன்னனின் ஐந்தாந் தூண்சாசனத்திலும் காண்கின்றோம். கருவுற்றனவும் பாலூட்டுவனவுமாகிய ஆடு, பன்றி முதலியனவும், ஆறு மாதம் நிரம்பாத அவற்றின் குட்டிகளும் கொல்லப்படலாகா என்பது அதன் ஆணை. ஒன்று பேரரசன் கல்லிற் பொறித்த சட்டம். மற்றையது சட்டமறியாத குன்றவரிடத்துப் புலவர் கண்ட வழக்கம். காட்டை நம்பி வாழ்பவன் குட்டியையும் சினையையும் கொல்வானாயின் அடுத்த ஆண்டு அவனுக்கு உணவில்லை என்பது சாசனம் எழுதித்தான் தெரியவேண்டுமென்பதில்லை.

அசோகனைப் பற்றிக் கூறினமையால் மிகிந்தலையையும் நினைவுகூர்தல் தகும். தேவநம்பிய தீசன் மானைத் தொடர்ந்து வேட்டையாடி வந்தபோதே மகிந்த தேரர் அவனை எதிர்ப்பட்டார் என மகாவமிசம் கூறும். அத்தேரருடன் வந்தவருள் ஒருவர் சங்கமித்தையின் மகனாகிய சுமணர் என்னும் இளஞ் சாமணேரர். வேட்டைக்களத்திலே வில்லேந்திய அரசனும், கொல்லாநெறி பூண்ட சிறுவனும் ஒருங்கு நின்ற அந்நாளை இலங்கையின் பெருநாளாகப் பௌத்தர் கொண்டாடுகின்றனர். பின்வந்த ஆமண்டகாமணி அபயன் தீவு முழுவதும் உயிர்க்கொலையை விலக்கினான் என்றும் அந்நூல் கூறும்.

யாழ்ப்பாணத்திலே கொல்லாமையைச் சிறுவர் உள்ளத்தில் ஊன்றியவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள். பெரியபுராணத்தை 1852 இல் வசன நடையிலே வெளியிட்டவரும் அவரே. பாலபாடத்திலே கொலையையும் புலாலுண்ணலையும் கடிந்து எழுதியவரும் அவரே. ஆகவே ஒரு தலைமுறைப் பிள்ளைகள் வேட்டுவ நாயனாரையும் வேட்டை விலக்கையும் ஒரே ஆசிரியரிடம் ஒரே திண்ணையிலிருந்து கற்றனர். நாவலர் அவர்களுக்கு இதில் முரண் இல்லை. நாயனாரின் அன்பு போற்றத்தக்கது, தொழில் பின்பற்றத்தக்கதன்று என்பது அவர் கொள்கை. தோட்டமும் பனையும் கடலுமாகிய குடாநாட்டில் அக்கொள்கை வேரூன்றுதல் எளிது. முயலும் கௌதாரியும் அன்றி இங்கு வேட்டைப்பொருள் என்ன உண்டு? ஆனையிறவைக் கடந்த பின்னரே வினா வேறாகின்றது.

வன்னிக் காட்டை அழித்தவர் வேட்டுவரல்லர் என்பதை இவ்விடத்துக் கூறாது விடுதல் முறையன்று. ஒல்லாந்தர் காலத்தில் வன்னியர் யானைகளைத் திறையாகச் செலுத்தினர். அவை உயிரோடு பிடிக்கப்பட்டவை. ஆங்கிலேயர் வந்தபின் துவக்கும், கொன்றதற்குச் சன்மானமும் வந்தன. வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 1848 இற்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள்ளே 3500 இற்கு மேற்பட்ட யானைகள் சன்மானத்தின் பொருட்டுக் கொல்லப்பட்டன என்று குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் ரெனன்ற் எழுதியுள்ளார். மேஜர் றொஜேர்ஸ் என்னும் படைத்தலைவர் தனியொருவராய் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் எனப் பெயர்பெற்றவர். 1845 இல் அப்புத்தளையில் இடிவிழுந்து இறந்தார். கன்றையும் சினைப் பிணையையும் விலக்கிய உடுப்பூர் வேடரையும், தலையொன்றுக்கு இவ்வளவென்று பணம் எண்ணியவரையும் வேட்டைக்காரர் என்னும் ஒரே சொல்லால் வழங்குகின்றோம். சொல்லின் வறுமை அது.

இத்தீவின் வேடர் நிலையையும் சிறிது நோக்குவோம். 1681 இல் வெளிவந்த நூலிலே றொபேட் நொக்ஸ், வேடர் தம் மக்களுக்கு மணக்கொடையாக வேட்டை நாய்களைக் கொடுப்பர் என்று எழுதினார். கொல்லன் பட்டடையிலே இரவில் இறைச்சியையும், அம்பின் வடிவாக வெட்டிய இலையையும் தொங்கவிட்டுச் சென்று, அவன் செய்துவைத்த அம்புத்தலைகளை மற்றோரிரவு எடுத்துச் செல்வர் என்பதும் அவர் கூற்று. நிலமும் நகையும் கொடுத்து நாம் மகளை மணஞ்செய்விக்கும் இடத்து அவர் நாயைக் கொடுத்தனர் எனின், தந்தையிடமிருந்து பிள்ளைக்குக் கைமாறிய செல்வம் வேட்டையே என்பது தெளிவு. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனசீவராசி தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் இந்நிலையை மாற்றிற்று. 1983 இல் மாதுறு ஓயாத் தேசியவனம் பிரகடனஞ் செய்யப்பட்டபோது, தம்பானை வேடர் பரம்பரையாக வேட்டையாடிய காடு அவர்க்கு விலக்கப்பட்ட காடாயிற்று. பலர் மகாவலிக் குடியேற்றத்துக்குப் பெயர்க்கப்பட்டனர். முதிய தலைவர் ஊருவரிகே திசாஹாமி போக மறுத்து அங்கேயே தங்கி, 1998 இல் காலமானார். அவர் பேரர்களுக்கு இன்று அம்பும் வில்லும் உல்லாசப் பிரயாணிகளுக்கு எய்து காட்டுவதற்கே பெரும்பாலும் பயன்படுகின்றன. கிழக்குக் கரையில் வாகரைப் பக்கத்துத் தமிழ் பேசும் வேடர் கடலிலும் களப்பிலும் மீன்பிடித்துப் பிழைக்கின்றனர். காட்டுயிரைக் காத்தல் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 1848 இன் கணக்கை யார் எழுதினர், 1983 இல் அக்கணக்கை யார் தீர்த்தனர் என்று நோக்குங்கால் மனம் அமைதியுறுவதில்லை.

இனி யான் முன்னர்க் கூறுவேன் என்றதைக் கூறுகின்றேன். 2003 இல், யுத்த நிறுத்த காலத்தில், வன்னியிலுள்ள சிறு பாடசாலையொன்றிலே தமிழும் சமயமும் வரலாறும் கற்பித்தேன். அப்போது எனக்குப் பட்டமில்லை. வெளிவாரிப் பரீட்சைக்கு விளக்கொளியிற் படித்துக்கொண்டிருந்த காலம். ஆறாம் வகுப்பிலே ஒரு மாணவன் திங்கட்கிழமைகளில் வருவதில்லை. தகப்பனோடும் நாய்களோடும் ஞாயிறு மாலையிற் காட்டுக்குச் சென்று விடிந்த பின்னரே திரும்புவான் என்று அறிந்தேன். ஒருநாள் அவன் சட்டையிற் குருதிக்கறை கண்டு, வகுப்பின் முன்னே எழுப்பி நிறுத்தி, கொல்லாமையின் பெருமையை அரைமணி நேரம் விரித்துரைத்தேன். மற்றப் பிள்ளைகள் சிரித்தனர். அடுத்த வாரம் பாடம் கண்ணப்ப நாயனார் சரித்திரம். அவன் கையை உயர்த்தி, "சேர், கண்ணப்ப நாயனார் பள்ளிக்கூடம் போனவரோ?" என்று கேட்டான். குறும்பாகக் கேட்டானல்லன். எனக்கு விடை தோன்றவில்லை.

அன்று மாலை அவன் வீட்டுக்குச் சென்றேன். தகப்பனார் என்னிலும் பத்து வயது மூத்தவர். "இருங்கோ மாஸ்டர்" என்று பாயை விரித்தார். இருமுறை இடம்பெயர்ந்தமையால் நிலமில்லை. பிறர் வயலிற் கூலி. இறைச்சி விற்ற காசிலேதான் பிள்ளைக்குக் கொப்பி வாங்கினார். மகனை ஏன் கொண்டுசெல்கின்றீர் என்று வினவியபோது, காட்டைத் தெரியாத பிள்ளை வன்னியில் எப்படிப் பிழைக்கும் என்று திருப்பி வினவினார். அடிபார்த்து நேற்றைய தடமோ இன்றையதோ என்று சொல்லவும், காற்று வரும் திசை அறியவும், சினைப்பட்ட மரையைக் கண்டால் நாயை அதட்டித் திருப்பவும் அவன் பழகிவிட்டான் என்றார். சேக்கிழாரை அவர் படித்தவரல்லர். எனினும் மகன் நாய்களோடு நிற்பானேயன்றித் துவக்குப் பக்கம் வருவதில்லை என்றும், கட்டுத்துவக்கு வைப்பவரோடு தமக்குச் சேர்க்கையில்லை என்றும் அழுத்திக் கூறினார். திங்கட்கிழமை மாத்திரம் பாடசாலைக்கு விடுமாறு கேட்டேன். வெள்ளி இரவுக்கு மாற்றிக்கொண்டார். என் போதனையால் விளைந்த பயன் அவ்வளவே.

பிற நாடுகளிலும் இவ்வினா தீர்ந்தபாடில்லை. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலம், மூத்தவரொருவர் அருகிருக்க வேட்டையாடுஞ் சிறுவர்க்கு வயதெல்லையே வேண்டாமென 2017 இற் சட்டஞ் செய்தது. ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைக் குழுவோ, எருதுப்போர்க் காட்சிக்குச் சிறுவரை விடற்க என 2018 இல் ஸ்பெயினுக்கு அறிவுறுத்திற்று. இலங்கை 1991 இல் ஏற்று உறுதிசெய்த சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 30 ஆம் உறுப்புரை, பழங்குடிப் பிள்ளைக்குத் தன் குடியின் பண்பாட்டிற் பங்குகொள்ளும் உரிமையை மறுத்தலாகாது என்கின்றது. இறைச்சிக்கடை வாயிலிற் காத்து நிற்கும் நாம் இவர்களுள் யார் பக்கம் என்று எளிதிற் சொல்லிவிட இயலாது.

என் கருத்து வருமாறு. விளையாட்டுக்காகவும் பெருமைக்காகவும் நிகழும் வேட்டைக்குச் சிறுவரைக் கொண்டுசெல்லுதல் தவறு. அதற்கு நம் நூல்களில் ஆதாரமில்லை. பிழைப்பின் பொருட்டுக் காட்டை நம்பும் குடியிலோ, பிள்ளையைத் தந்தையிடமிருந்து பிரித்து வைத்தல் அறியாமையை வளர்க்குமேயன்றி அருளை வளர்க்காது. ஆனால் அங்கும் ஆலத்தூர் கிழாரின் வேலியும் சேக்கிழாரின் பதினாறு ஆண்டும் நினைக்கப்படல் வேண்டும். சிறு பிள்ளைக்கு ஊரெல்லை; காடும் கொலைக்கருவியும் அறிவு முதிர்ந்த பின்னர். இற்றைநாளில் இவ்வெல்லை முன்னையினும் இன்றியமையாதது. கட்டுத்துவக்கு தன்னெதிரே வருவது பன்றியோ பாலகனோ என்று பாராது. தீனியினுள் மறைத்து வைக்கும் பன்றிவெடி யானைக்கன்றின் வாயைச் சிதைக்கின்றது. யுத்தத்திற் புதைத்த நிலக்கண்ணிகள் 2009 இற்குப் பின்னரும் வன்னிக் காட்டோரங்களிற் கிடந்தன. நாகன் தழையோச்சித் தடுத்தது கண்ணுக்குத் தெரிந்த புலிவாயை. இவை கண்ணுக்குத் தெரியாத வாய்கள். மேலும், அடிபார்க்கவும் காற்றறியவும் தெரிந்தவன் கண்ணி வைப்பதில்லை. அக்கல்வி தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லாது அற்றுப்போன இடங்களிலேதான் கட்டுத்துவக்கும் வெடியும் பெருகின என்பது என் அனுமானம். இதனை உறுதிசெய்தற்கு வன்னிக் கிராமங்களில் முதியோரிடம் கேட்டு எழுதவேண்டிய வேலை மிகவுண்டு. நம் கல்லூரி மாணவர் சிலர் விடுமுறையில் அதனை மேற்கொள்வாராயின், பரீட்சைக்கு மனனஞ் செய்யும் வரலாற்றினும் நல்ல வரலாறு கிடைக்கும்.

அம்மாணவனைப் போன வருடம் பரந்தன் சந்தியிலே கண்டேன். இறுதி யுத்தத்திலே தகப்பனார் இறந்துபோனார். அவன் இப்போது இரண்டு ஏக்கர் நெற்செய்கை பண்ணுகின்றான்; பன்றித் தொல்லை பொறுக்க முடியவில்லை என்று முறையிட்டான். மகனுக்கு ஏழு வயதாம். காட்டுக்குக் கூட்டிச் செல்வதுண்டோ என்று வினவினேன். "இல்லை சேர், வரம்பிலை அடி பார்க்க மட்டும் பழக்கிறன்" என்றான்.